பாதிக் குளிகை

எங்கள் பக்கத்தில் மாத்திரை என்கிற சொல் மருந்துக்கடைப் பலகையில்தான் இருக்கும். வாயில் வருவது குளிகை. நான் பிரஷர் குளிகை போட ஆரம்பித்தது 2009இல், 41 வயதில். கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலையை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பின்மண்டையில் பிடித்த வலி மூன்று நாளாக விடவில்லை என்று போனதில் 160/100 என்றார்கள். ஒரு வாரம் விட்டுப் பார்த்தார் டாக்டர், இன்னொரு வாரம் விட்டும் பார்த்தார், எண் இறங்கவில்லை. அட்டெனலால் 50, அம்லோடிபின் 5 இரண்டும் ஒன்றாக அடங்கிய குளிகை ஒன்றை எழுதிக் கொடுத்தார். "தினமும் ஒன்று. நீங்களாக நிறுத்தக் கூடாது."

அந்தச் சொல்லைப் பதின்மூன்று வருஷம் கேள்வி கேட்காமல் மதித்தேன். அதற்கடுத்த வருஷம் கேள்வி கேட்காமல் மீறினேன். மீறியதில் பட்ட பாட்டையும், பிறகு அதையே முறையாகச் செய்து பார்த்ததையும் எழுதி வைக்கிறேன். என்னோடு வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் இப்போது அதே குளிகையில்தான் இருக்கிறார்கள்.

2022. கொரோனா ஓய்ந்து பள்ளிக்கூடம் முழுசாகத் திறந்த வருஷம். பத்மநாபபுரம் கோட்டைச் சுவரை ஒட்டிக் காலையில் நடக்க ஆரம்பித்து 80 கிலோவிலிருந்து 74க்கு வந்திருந்தேன். சில நாள் வகுப்பில் கரும்பலகையிலிருந்து திரும்பும்போது கண் இருட்டியது. வீட்டு மெஷினில் பார்த்தால் 106/66. நியாயமாக அன்றைக்கே டாக்டரிடம் போய், 'எடை குறைஞ்சிருக்கு, பிரஷர் தாழுது, மருந்தைக் குறைக்கலாமா' என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கூட வேலை பார்க்கும் ஒரு டீச்சர் கூட்டிப் போனார்கள் என்று ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த ஆரோக்கிய முகாமுக்குப் போனேன். மேடையில் பேசியவர் பெயர் வேண்டாம். ரத்த அழுத்தம் என்பது நோயே இல்லை, இன்றைக்கே எல்லாவற்றையும் தூக்கி எறியுங்கள் என்றார். கைதட்டல். நானும் தட்டினேன். நாம் ஆசைப்பட்டதையே ஒருவர் மைக்கில் சொன்னால் கணக்கு டீச்சருக்கும் கணக்கு மறந்துபோகும்.

மறுநாள் குளிகை போடவில்லை. 124/80. அதற்கு மறுநாள் 128/82. ஆசிரியர் அறையில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று, ஒருத்தி ஸ்வீட் கேட்டாள். நான்காம் நாள் சாயங்காலம் குமாரகோவில். வேளிமலைக்கு எத்தனையோ தடவை ஏறிய படிகள்தான். பாதியில் நெஞ்சு நெல் குத்துகிற மிஷின் மாதிரி அடிக்க ஆரம்பித்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கை நடுக்கம், உள்ளங்கையெல்லாம் வியர்வை. "என்ன பிள்ளே, முகம் வெளுத்திருக்கு" என்று கூட வந்த என் வீட்டுக்காரர் கையைப் பிடித்தார். பிடித்த கைக்கே துடிப்பு தெரிந்ததாம். ஆஸ்பத்திரியில் நாடித் துடிப்பு 124, பிரஷர் 188/110. இசிஜி எடுத்தார்கள், நல்ல காலம், மாரடைப்பு இல்லை. பணியில் இருந்த டாக்டரம்மா முதலில் நெஞ்சுவலி இருக்கிறதா என்று கேட்டார். அடுத்த கேள்வி: "எந்த மருந்தை நிறுத்தினீங்க?" நிறுத்தினீர்களா என்றுகூடக் கேட்கவில்லை.

அந்த டாக்டரம்மாவிடம்தான் இன்றுவரை பார்க்கிறேன். அன்றைக்கு அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். என் குளிகைக்குள் இருந்த இரண்டு மருந்துக்கும் இரண்டு குணம். அம்லோடிபின் உடம்பை விட்டு மெதுவாகப் போகும். ரத்தத்தில் அதன் அளவு பாதியாவதற்கே 30 முதல் 50 மணி நேரம். முழுக்க வடிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அட்டெனலாலுக்கு அந்தப் பாதி நேரம் 6, 7 மணிதான்; ஒன்றரை நாளில் காலி. முதல் இரண்டு நாள் நான் பீற்றிக்கொண்ட எண்ணெல்லாம் மிச்சமிருந்த அம்லோடிபின் போட்ட மார்க். குளிகையை விட்டு ரெண்டு நாள் பார்த்தேன், நார்மலாகத்தான் இருக்கு என்று யாராவது சொன்னால் இப்போது எனக்கு அந்தப் படிக்கட்டுதான் ஞாபகம் வரும்.

அட்டெனலாலின் விஷயம் இன்னும் மோசம். அட்ரினலின் வந்து தட்டுகிற கதவுகளை இதயத்தில் சாத்தி வைப்பதுதான் அதன் வேலை. வருஷக்கணக்கில் சாத்திக் கிடந்தால் உடம்பு சும்மா இருக்காது, கூடுதலாகக் கதவுகளை வைத்துக்கொள்ளும். திடீரென்று மருந்தை எடுத்தால் பழைய கதவு, புதுக் கதவு எல்லாம் ஒரே நேரத்தில் திறக்கும். எனக்குப் படபடப்போடு போயிற்று. இதயக் குழாயில் ஏற்கெனவே அடைப்பு உள்ளவருக்கு அது நெஞ்சுவலியாகவோ மாரடைப்பாகவோ முடியலாம். அமெரிக்காவில் இந்த மருந்தின் தகவல் தாளில், திடீரென நிறுத்தாதீர்கள் என்ற எச்சரிக்கையைக் கட்டம் கட்டியே போட்டிருக்கிறார்கள். மெட்டோபுரோலால், புரோப்ரனலால் என்று 'லால்' என்று முடிகிற அந்தக் குடும்பம் முழுக்க இப்படித்தான்.

"பேச்சிப்பாறை அணையில தண்ணி கூடினா ஷட்டரை எப்படித் திறப்பாங்க டீச்சர்? கொஞ்சம் கொஞ்சமாத்தானே? ஒரேயடியாத் திறந்தா குழித்துறை என்ன ஆகும்?" என்றார். டாக்டரம்மாவுக்கு ஊர் குலசேகரம்.

குளோனிடின் என்று இன்னொன்று உண்டு, சிறுநீரகக் கோளாறோடு பிரஷரும் கட்டுக்கு வராதவர்களுக்குக் கொடுப்பது. அதைச் சட்டென்று நிறுத்தினால் ஓரிரு நாளுக்குள் பிரஷர் பழைய அளவையும் தாண்டி எகிறும். குளோனிடினும் 'லால்' மருந்தும் சேர்த்துச் சாப்பிடுபவர் என்றால், முதலில் 'லால்' மருந்தைப் படிப்படியாக நிறுத்தி, சில நாள் கழித்துத்தான் குளோனிடினைத் தொட வேண்டும். முறை மாறினால் ஆபத்து. எதை முதலில் விடுவது என்பதை நாமாக முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இது ஒன்று போதும்.

எனக்குப் பழைய குளிகையையே திரும்பக் கொடுத்தார்கள். இரண்டு நாளில் படபடப்பு அடங்கியது. வெட்கம் அடங்க ரொம்ப நாள் ஆனது.

2023 பிப்ரவரியில், "முறையாகவே இறக்கிப் பார்க்கலாமா டாக்டர்?" என்று கேட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். "பார்க்கலாம். ஆனா முதல்ல ஏன் ஏறுச்சுன்னு பார்ப்போம். இந்தக் குளிகையைத் தவிர வேற என்னெல்லாம் சாப்பிடுறீங்க?" என்றார்.

ஒன்றுமில்லையே என்றுதான் சொன்னேன். வீட்டுக்கு வந்து கைப்பையைக் கொட்டிப் பார்த்தபோதுதான் அதிமதுரத் துண்டு உருண்டு விழுந்தது. டீச்சர்மார் கைப்பையில் சாக்பீஸ் இல்லாமல் இருக்கும், அதிமதுரம் இல்லாமல் இருக்காது. நாளைக்கு ஆறு பீரியட் கத்துகிற தொண்டைக்கு அதுதான் மருந்து. நான் பத்துப் பன்னிரண்டு வருஷமாக மென்றுகொண்டிருக்கிறேன். டாக்டரம்மா போனிலேயே சிரித்துவிட்டார். அதிமதுரத்தில் இருக்கிற கிளிசரைசின் என்கிற பொருள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, பிரஷரை ஏற்றும். எப்போதாவது கஷாயத்தில் ஒரு துண்டு போட்டால் ஒன்றும் ஆகாது. தினமும் மெல்லுவது வேறு. நாட்டு மருந்து என்றால் பக்க விளைவு இல்லை என்று என்னிடம் சொன்ன ஒவ்வொருவர் முகமும் அன்றைக்கு ஞாபகம் வந்தது.

அடுத்தது முழங்கால் வலிக்கு நானே வாங்கிப் போட்டுவந்த டைக்ளோபினாக். வாரத்துக்கு நான்கு நாளாவது போடுவேன். அந்த வகை வலி மருந்துகள் சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்து வைக்கும், பிரஷர் மருந்தின் வேலையையும் கெடுக்கும். மூக்கடைப்புக்கு வாங்குகிற சளிக் குளிகைகளில் சிலவும் அப்படித்தான். இத்தனை வருஷம் ஒரு கையால் பிரஷரை இறக்கி, மறு கையால் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிறகு உப்பு. "நான் உப்பு கம்மியாத்தான் போடுவேன்" என்று சொல்லாத ஒரு பெண்ணை இந்த மாவட்டத்தில் நான் பார்த்ததில்லை. நானும் சொன்னேன். அப்புறம் கணக்குப் போட்டேன். ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பிரித்த அன்று அதன் மேலேயே பேனாவால் தேதி எழுதினேன். வீட்டில் நானும் அவரும் மாமாவும் மூன்று பேர். பாக்கெட் 24 நாளில் தீர்ந்தது. 1000ஐ 24ஆல் வகுத்து, அதை மூன்றால் வகுத்தால் ஆளுக்குக் கிட்டத்தட்ட 14 கிராம். மீன் கழுவ எடுத்தது, மரச்சீனிக் கிழங்கு அவித்த தண்ணீரோடு வடிந்துபோனது என்று தாராளமாகக் கழித்தாலும் பத்துக்குக் குறையாது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குள், ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. இதில் கருவாடும் பப்படமும் நார்த்தங்காயும் கணக்கிலேயே வரவில்லை. சாமித்தோப்பு பக்கம் போகும்போது வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடக்கிற உப்பைப் பார்த்தால் இப்போதெல்லாம் ஆளுக்கு எத்தனை கிராம் என்று மனசு தன்னால் வகுக்க ஆரம்பிக்கிறது. தொழில் வியாதி.

குறைத்தது ஒரே நாளில் இல்லை. முதலில் மேசையிலிருந்து உப்புக் கிண்ணம் போயிற்று. நெத்திலிக் கருவாடு வாரம் மூன்று நாள் இருந்தது, மாதம் ஒரு நாளானது. பதிலுக்குப் பச்சைச் சாளை, அயிலை. மீன்குழம்பில் புளியும் நல்லமிளகும் கொஞ்சம் தூக்கலாக வைத்தால் உப்புக் குறைவு அவ்வளவாகத் தெரியாது. கஞ்சிக்கு ஊறுகாய்க்குப் பதில் சம்மந்தி, அதாவது துவையல். அவர் மூன்று வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நான்காம் வாரம் ஒரு கல்யாண வீட்டில் சாம்பாரை வாயில் வைத்துவிட்டு, "என்ன உப்பு இது, கடல் தண்ணி மாதிரி" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது ஒரு பாக்கெட் 50 நாளைத் தாண்டுகிறது.

இந்துப்பு வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கு: நிறம்தான் ரோஜா, உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடு. சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியம் கலந்த உப்பு என்று கடையில் கிடைப்பது வேறு சமாச்சாரம். அது பிரஷரைக் குறைக்கும், ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டெல்மிசார்டன், ராமிபிரில் மாதிரி மருந்து சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத்தின் தாளமே தப்பிவிடும்.

இத்தனையும் எதற்கு, நேராகக் குளிகையைக் குறைக்க வேண்டியதுதானே என்று எனக்கும் பொறுமை போயிற்று. டாக்டரம்மா ஒரு பழைய ஆய்வைச் சொன்னார், 1987இல் அமெரிக்காவில் வெளியானது. பல வருஷம் மருந்தால் பிரஷரைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்களிடம் மருந்தை நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். எடை, உப்பு, மது மூன்றையும் குறைத்துக்கொண்டவர்களில் நான்கு வருஷத்துக்குப் பிறகும் 39 சதவீதம் பேர் மருந்தில்லாமல் இருந்தார்கள். எதையும் மாற்றாமல் மருந்தை மட்டும் விட்டவர்களில் 5 சதவீதம். நூற்றுக்கு ஐந்து என்பது எங்கள் பள்ளிக்கூடத்தில் தேர்வுக்கு வந்து பெயர் எழுதினதுக்கே போடுகிற மார்க். அந்த 39ஐயும் கவனிக்க வேண்டும். எல்லாம் ஒழுங்காகச் செய்தவர்களிலும் 61 பேர் திரும்ப மருந்துக்கு வந்திருக்கிறார்கள்.

எல்லோரும் இறங்கிப் பார்க்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். மாரடைப்பு வந்தவர், இதயம் பலவீனமானவர், பக்கவாதம் வந்தவர், சிறுநீரில் புரதம் போகிற சர்க்கரைக்காரர் ஆகியோருக்கு அதே மருந்து பிரஷருக்காக மட்டும் கொடுக்கப்படுவதில்லை. பக்கத்து வீட்டு அண்ணாச்சி பைபாஸ் ஆனவர். "ஒனக்கு நிப்பாட்டியாச்சு, எனக்கும் பிரஷர் நார்மல்தானே" என்று என்னிடம் கேட்டார். "அண்ணாச்சி, ஒங்க குளிகை பிரஷருக்கு இல்ல, நெஞ்சுக்கு" என்று மைனியையும் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டு வந்தேன். எதற்காக எழுதிக் கொடுத்தது என்று தெரியாத குளிகையை எப்படி நிறுத்துவது?

மருந்தைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு வாரம் வெறும் அளவு. இதில்தான் என் கர்வம் உடைந்தது. எட்டு வருஷமாக வீட்டில் மெஷின் வைத்திருக்கிறேன், ஒரு நாள்கூடச் சரியாக அளந்ததில்லை. அடுப்படியிலிருந்து வந்து, நைட்டிக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, காலைக் கட்டில் விளிம்பில் தொங்கவிட்டு, மாமாவோடு பேசிக்கொண்டே பொத்தானை அமுக்குவேன். இது ஒவ்வொன்றும் எண்ணை ஏற்றும். முட்டிக்கொண்டு நிற்கிற மூத்திரமும் ஏற்றும். முக்கியமானது பட்டையின் அளவு. டாக்டரம்மா டேப்பை எடுத்து என் மேல்கையை அளந்தார், 34 சென்டிமீட்டர். மெஷினோடு வந்த பட்டை 32 வரைக்குத்தான். சின்னப் பட்டை பெரிய கையில் கூடுதலாகத்தான் காட்டும். பெரிய பட்டை வாங்கி மாட்டியதும், ஒரு குளிகையும் குறைக்காமல், ஒரு பத்தியமும் இல்லாமல், எனக்கு ஐந்தாறு புள்ளி இறங்கியது.

இப்போது முறை இதுதான். காலையில் பாத்ரூம் போய்வந்து, காப்பிக்கும் குளிகைக்கும் முன்னால், முதுகு சாய்கிற நாற்காலியில் ஐந்து நிமிஷம் சும்மா. பாதம் தரையில், கை மேசை மேல் நெஞ்சு மட்டத்தில், வாய் மூடி. ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை. சாயங்காலமும் அதே. பழைய வருகைப் பதிவேடு ஒன்றில் தேதி, மேல் எண், கீழ் எண், நாடித் துடிப்பு என்று நான்கு பத்தி போட்டேன். 135க்கு மேலே போனால் சிவப்பு மை. ஒரு நாள் சிவப்பைப் பார்த்துப் பயப்படுவதும் ஒரு நாள் நீலத்தைப் பார்த்துக் குதிப்பதும் அர்த்தமில்லாதது. முதல் நாளைத் தள்ளிவிட்டு அந்த வாரத்தின் சராசரி என்ன என்பதுதான் கேள்வி. வீட்டில் சராசரி 135/85 என்பது டாக்டர் அறையின் 140/90க்குச் சமம். என் கை டாக்டர் அறையில் எப்போதும் 146 காட்டும். வெள்ளைக் கோட்டைக் கண்டால் உள்ளே இருக்கிற பழைய மாணவி விழித்துக்கொள்கிறாள் போல.

மார்ச்சில் இறங்க ஆரம்பித்தோம். முதல் படி எண்ணிக்கையைக் கூட்டியதுதான். ஒன்றாக இருந்ததை இரண்டாகப் பிரித்து அட்டெனலால் 50 தனியாக, அம்லோடிபின் 5 தனியாக எழுதினார். சேர்ந்த குளிகையில் ஒன்றை விட்டு மற்றதைக் குறைக்க வழியில்லை. இது அவ்வளவு சாதாரண விஷயம், ஆனால் பதின்மூன்று வருஷத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு அட்டெனலால் 50 போய் 25. நாலு வாரம். அப்புறம் அந்த 25இல் பாதி. பாதியாக்க முதலில் மாமாவின் பாக்குவெட்டியை எடுத்தேன். ஒரு பக்கம் தூள், ஒரு பக்கம் முக்கால், மேசையெல்லாம் வெள்ளைப் பொடி, அதோடு லேசாக வெற்றிலைக் காவி. மருந்துக்கடையில் குளிகை வெட்டுகிற பிளாஸ்டிக் டப்பா ஒன்று விற்கிறார்கள். நடுவில் கோடு போட்ட குளிகையை அதில் வைத்து மூடினால் சரியாக இரண்டாகும். எல்லாவற்றையும் வெட்டக் கூடாது. மெதுவாகக் கரைவதற்கென்று செய்த குளிகைகளில் பலவற்றை வெட்டினால் ஒரு நாள் மருந்து ஒரு மணி நேரத்தில் உள்ளே போய்விடும். கடைக்காரரிடம் கேட்டுவிடுவது நல்லது.

ஒவ்வொரு படி இறங்கிய முதல் வாரமும் மலையேற்றம், ஓட்டம், தண்ணீர்க் குடம் தூக்குவது எதுவும் வேண்டாம் என்றார். குமாரகோவிலுக்குக் கீழே இருந்தே கும்பிட்டேன். பதிவேட்டில் நாடித் துடிப்புப் பத்தி மட்டும் ஏறிக்கொண்டே போனது: 58, 64, 71, கடைசியில் 76. அது எதிர்பார்த்ததுதான், வருஷக்கணக்கில் அழுத்திப் பிடித்திருந்த பிரேக்கை எடுக்கிறோம். நெஞ்சுவலி, மூச்சு முட்டல், ஒரு பக்கக் கை கால் மரத்துப்போவது, பேச்சுக் குழறல் இவற்றில் ஏதாவது வந்தால், அதிலும் பிரஷர் 180/120ஐத் தொட்டிருந்தால், பதிவேட்டை மூடிவிட்டு 108க்குக் கூப்பிட வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே அவர் கையால் எழுதிக் கொடுத்திருந்தார். கூப்பிட வேண்டி வரவில்லை.

ஜூன் மழை தொடங்கியபோது அட்டெனலால் இல்லை. சராசரி 128/80. நான் துள்ளினேன், டாக்டரம்மா துள்ளவில்லை. வெயில் காலத்தில் பிரஷர் கொஞ்சம் தாழும், குளிரில் கொஞ்சம் ஏறும். மார்ச்சில் இறங்க ஆரம்பித்தவளுக்கு வெயிலும் ஒரு கை கொடுத்திருக்கும், மார்கழி வரைக்கும் பார்ப்போம் என்றார். நம் ஊரில் என்ன குளிர் என்று நினைத்துக்கொண்டேன். ஓணம் கழிந்து அம்லோடிபின் 5ஐ 2.5 ஆக்கினார். சாயங்காலமானால் செருப்பு வார் பதிகிற அளவுக்கு வீங்குகிற கணுக்கால் ஒரு மாதத்தில் வற்றியது. அந்த வீக்கத்துக்காக முன்னே ஒருமுறை நீர் பிரியக் குளிகை போட்டிருக்கிறேன்! மருந்து தந்த வீக்கத்துக்கு மருந்து.

2024 ஜனவரியில் அந்த 2.5ஐயும் விட்டோம். முதல் வாரம் 129. அப்புறம் வாரச் சராசரி 131, 134, 138, 141. கோடு போட்டுப் பார்த்தால் எந்தப் பிள்ளையும் அடுத்த எண்ணைச் சொல்லிவிடும். எடை 69, உப்பு அளவோடு, நடை உண்டு, அதிமதுரம் இல்லை. எங்கே தப்பு என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. என் அம்மாவுக்கும் பிரஷர், அம்மாவின் அக்காவுக்கும் பிரஷர். அந்தக் கணக்கில் ஒரு பங்கு எனக்கும் எழுதியிருக்கிறது. டாக்டரம்மா பதிவேட்டைப் பார்த்துவிட்டு 2.5ஐத் திரும்ப எழுதினார். "பாஸ் மார்க் 35தானே டீச்சர், நீங்க சென்டம் கேட்டா எப்படி?"

அப்படியாக நான் இப்போது பாதிக் குளிகைக்காரி. 5இல் பாதி, காலையில்.

மாமா கதை வேறு மாதிரி. 84 வயது, தேங்காய் வியாபாரம் பார்த்த ஆள். டெல்மிசார்டன், அம்லோடிபின், நீர் பிரிய குளோர்தாலிடோன் என்று மூன்று. 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து குளிகையைக் கொண்டுவந்து தருகிற தங்கச்சி ஒருத்தி உண்டு. அவள்தான் ஒரு நாள், "பாட்டா எழும்பும்போ தள்ளாடுதாரு, டாக்டர்ட்ட சொல்லுங்க அக்கா" என்றாள். நான் சொல்வதற்குள் ஒரு விடியற்காலை அவர் குளியலறை வாசலில் விழுந்தார். எலும்பு தப்பியது. அந்த வாரம் முழுக்க ஒரு மாதிரி மந்தம். காப்பி கொண்டுபோன என்னைப் பார்த்து, "நீ யாரு பிள்ளே?" என்றார். முப்பது வருஷமாக அந்தக் கைக்குக் காப்பி கொடுக்கிறேன்.

வயசாயிற்று, மறதி வந்துவிட்டது என்று நாங்களே தீர்ப்பு எழுதியிருப்போம். ரத்தத்தில் சோடியம் பார்த்தார்கள்: 122. இருக்க வேண்டியது 135க்கு மேல். உட்கார்ந்திருக்கும்போது 134/70 இருக்கிற பிரஷர், எழுந்து நின்ற மூன்று நிமிஷத்துக்குள் 108/60. நின்றால் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினாலே அது கவனிக்க வேண்டிய இறக்கம். இரண்டுக்குமே பெரிய காரணம் அந்த நீர் பிரியும் குளிகை என்றார் டாக்டரம்மா. வயதானவர்களுக்கு அது சோடியத்தை இழுத்துக்கொண்டு போய்விடுவது உண்டாம். ஆஸ்பத்திரியில் வைத்து, மருந்தை நிறுத்தி, சோடியத்தைப் பைய ஏற்றினார்கள். அதையும் சட்டென்று ஏற்றினால் மூளைக்கு ஆபத்து. ஐந்தாம் நாள் என்னைப் பார்த்ததும் மாமா சொன்ன முதல் வார்த்தை: "உப்பக் கொறச்சு என்னயக் கொல்லப் பாத்தியே, மக்களே!" ஒரே அடுப்பில் ஒருத்திக்கு உப்பு கூடுதல், இன்னொருவருக்குக் குறைவு. ஆனால் பழி சமையலுக்கு இல்லை, மருந்துக்கு என்று டாக்டரம்மாவே அவரிடம் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

நீர்க் குளிகையை விட்டதும் சிலருக்கு ஓரிரு கிலோ எடை ஏறும், கால் லேசாக வீங்கும். உடம்பு தண்ணீரைத் திரும்பப் பிடிப்பது. மாமாவுக்கும் வந்து அடங்கியது. பிறகு இரண்டு மாதம் விட்டு அம்லோடிபினும் போயிற்று. ஆண்டுக்கணக்கில் தின்ற மருந்தை 84 வயதில் குறைப்பது விபரீதமில்லையா என்று அவர் தம்பி குதித்தார். பிரிட்டனில் 80 வயதைத் தாண்டிய 569 பேரை வைத்துப் பார்த்த ஆய்வு 2020இல் வந்திருக்கிறது. இரண்டும் அதற்கு மேலும் பிரஷர் மருந்து சாப்பிட்டு, மேல் எண் 150க்குக் கீழே இருந்தவர்கள். ஒரு பாதிப் பேருக்கு ஒரு மருந்தைக் குறைத்தார்கள். 12 வாரம் கழித்து, குறைத்தவர்களிலும் குறைக்காதவர்களிலும் நூற்றுக்கு 86, 88 என்று கிட்டத்தட்ட ஒரே அளவு பேர் 150க்குக் கீழேயே இருந்தார்கள். 12 வாரம் என்பது குறைந்த காலம்தான். அதனால்தான் மாமாவுக்கும் பதிவேட்டில் ஒரு பக்கம் போட்டிருக்கிறேன். அவருடையதில் ஐந்தாவதாக ஒரு பத்தி உண்டு: நின்றால் எவ்வளவு.

இன்று காலை ஆறரைக்கு என் முறை முடிந்தது. 126/78, நாடி 74, நீல மை. மாமா ஏற்கெனவே வந்து எதிர் நாற்காலியில் சட்டையைக் கழற்றிக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேசக் கூடாது என்பது அவருக்கு மட்டும் பொருந்தாது.

"ஒனக்கு எத்தனை, மக்களே?"

"126. நீங்க வாயை மூடுங்க மாமா."

உட்கார்ந்து 142/76. மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், சாரத்தை ஒருமுறை அவிழ்த்துக் கட்டினார், மூன்று நிமிஷம் ஜன்னல் வழியாகத் தென்னையில் எத்தனை குலை என்று எண்ணிக்கொண்டு நின்றார். 136/74.

"பாஸா?"

"பாஸ்."

"அப்பம் ஒரு பப்படம் பொரி" என்றார்.